பத்தொன்பது எழுத்துகள்

அப்பாவின் வாயிலிருந்து எந்தெந்த எழுத்து வரவில்லை என்று நான் எழுதி வைக்கத் தொடங்கியது, அவருக்குப் பக்கவாதம் வந்த ஆறாவது வாரம். கணினியில் ஓர் அட்டவணை போட்டேன். மூன்று பத்திகள்: சொல்ல வேண்டியது, சொன்னது, விட்டது. வேறு விதமாக யோசிக்க எனக்குத் தெரியாது. கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பிழை பார்ப்பதுதான் என் வேலை. என்ன வர வேண்டும், என்ன வந்தது, என்ன குறைகிறது என்று எழுதிக் கொடுத்தால் வேறு யாராவது உட்கார்ந்து சரிசெய்வார்கள். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், அப்பாவுக்காக நான் திரும்பி வந்திருந்த வீட்டில், அந்த வேறு யாராவது இல்லை.

கையும் காலும் ஓரளவு திரும்பியிருந்தன. வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார். வலது கை தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கும், ஆனால் நம்ப முடியாது. நாங்கள் பேசுவது எல்லாம் புரிந்தது. தான் சொல்ல நினைப்பதும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. வாய்க்கு வரும் வழியில்தான் எழுத்துகள் உதிர்ந்தன.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த மிஸ் சிங்களப் பெண். தமிழை நன்றாகப் படித்திருந்தார். அறுபது சொற்கள் அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்துவிட்டு, "அவசரப்படுத்த வேண்டாம். இந்தத் தாள் சும்மா ஒரு உதவிக்கு. அவருக்குப் பழக்கமான பேச்சிலிருந்து தொடங்குங்க" என்றார். எனக்குத் தாள் மட்டும்தான் காதில் விழுந்தது. ஹட்டனுக்கு வரும் பஸ்ஸில் நின்றுகொண்டே அறுபது சொற்களையும் எழுத்தின் எண்ணிக்கைப்படி வரிசை மாற்றினேன். உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை.

அவசரப்படாமல் இருக்க முடியாது. அக்காவின் பரிசத்துக்கு இருபத்து மூன்று நாள்தான் இருந்தன.

மாப்பிள்ளை வீடு டயகம பக்கம். எங்கள் வழக்கத்தில், மாப்பிள்ளை வீட்டார் பரிசத் தட்டை வைத்து "பரிசம் ஒங்களுக்கு, பொண்ணு எங்களுக்கு" என்று மூன்று தரம் சொல்வார்கள். பெண்ணைப் பெற்றவர் எழுந்து, "பரிசம் எங்களுக்கு, பொண்ணு ஒங்களுக்கு" என்று மூன்று தரம் பதில் சொல்ல வேண்டும். சபை அதைக் கேட்க வேண்டும். அதன் பிறகுதான் தட்டு கை மாறும். நான் எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது எழுத்துகள். மூன்று தரத்துக்கு ஐம்பத்தேழு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகலையிலிருந்து பெரியப்பா வந்தார். அப்பாவின் அண்ணன். ஆயுள் முழுக்கத் தேயிலை பெக்டரியில் இயந்திரச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவர். ஓய்வு பெற்ற பிறகும் குரல் இறங்கவில்லை.

"டேய் தம்பி, ஒண்ணுக்கும் கவலப்படாத" என்றார். "ஒனக்கு வாயா நான் இருக்கேன்ல. சபையில நான் சொல்லிர்றேன். நீ பக்கத்துல குந்திக்கிட்டு தலைய மட்டும் ஆட்டு, போதும்."

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். "நா... ல்...றேன்."

"என்னது?"

"நா... றேன்."

பெரியப்பா அம்மாவைப் பார்த்தார். "என்னம்மா கேக்குறான்? இன்னுங் கொஞ்சம் சீனி வேணுமாமா?"

"நானே சொல்றேங்குறாரு" என்றாள் அம்மா.

பிறகு பெரியப்பா மாப்பிள்ளை வீட்டுக்கு எத்தனை தட்டு வைக்க வேண்டும் என்று பேச ஆரம்பித்தார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பெரியப்பா பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார். என் மடிக்கணினியைக் காட்டினார். பிறகு தன் வாயைக் காட்டினார்.

அன்று மாலையே தொடங்கினோம். கதவைச் சாத்தினேன். அவர் முன்னால் முழங்கால் இடிக்க உட்கார்ந்தேன். என் வாயைப் பார்க்கச் சொல்லி மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். ப. ரி. ச. ம். அவர் 'ப' சொல்வார். 'ரி'க்கு உதடு போகும், நாக்கு போகாது. 'சம்' வந்தால் 'பரி' போயிருக்கும். ஒவ்வொன்றையும் கைபேசியில் பதிவு செய்து, திரும்பக் கேட்டு, அட்டவணையில் போட்டேன்.

மூன்றாவது பத்தியைப் பிரிக்கும்போது பள்ளிக்கூடத் தமிழ் பாடம் ஞாபகம் வந்தது. செய்யுளில் ஓசைக்காக எழுத்தை விடலாம் என்று ஓர் இலக்கணம் உண்டு. தாமரை 'மரை' ஆனால் முதற்குறை. ஓந்தி 'ஓதி' ஆனால் இடைக்குறை. நீலம் 'நீல்' ஆனால் கடைக்குறை. பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, "டீச்சர், நாங்களும் பரீட்சையில விடலாமா?" என்று கேட்டதற்கு, "கவிஞர் விட்டா அழகு. நீ விட்டா ஒரு மார்க்கு" என்றார் டீச்சர். நான் அந்த மூன்று பெயர்களையே எடுத்து, அப்பாவின் விடுதல்களை மூன்று நிறங்களில் பிரித்தேன். முதற்குறை மஞ்சள், இடைக்குறை நீலம், கடைக்குறை சிவப்பு. பார்க்க ஒழுங்காக இருந்தது. ஒழுங்காக இருந்ததால் ஏதோ நடக்கிறது என்று நம்பினேன்.

பத்து நாள் கழித்து, முழு அட்டவணையையும் கூட்டிப் பார்த்தேன். விட்ட எழுத்துகள் குறையவில்லை. கூடியிருந்தன.

எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. லயத்து வரிசை வீடுகளில் எங்களுடையது ஒரு காம்பரா. அதற்குள் அடுப்பு வரைக்கும் நடந்து, வாசல் வரைக்கும் திரும்பி நடந்தேன். அம்மா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"ஏய் சின்னவளே, ஒரு எடத்துல குந்து. எனக்கே தல சுத்துது."

"கூடிக்கிட்டே போகுதும்மா. முந்தாநேத்து மட்டும் நாப்பத்தோரு எடத்துல விட்ருக்காரு. பாரு, 'தேத்தண்ணி'க்கு 'தண்ணி'ங்குறாரு. முதல் ரெண்டு எழுத்து போச்சு."

அம்மா மாவுக் கையோடு திரும்பினாள். "இந்த லயத்துல எவடி தேத்தண்ணிய முழுசா சொல்றா? நான் ஒன்ன பெத்த நாள்லருந்து தண்ணி தண்ணின்னுதான் கேக்குறாரு. நானும் தண்ணிதான் குடுக்குறேன்."

பதிவுகளைத் திரும்பக் கேட்டேன். இந்தத் தடவை அப்பாவை விட்டுவிட்டு, பின்னால் கேட்கும் அம்மாவின் குரலை எழுதினேன். 'போய்விட்டு வருகிறேன்' என்பதில் பாதிக்கு மேல் இல்லை. 'உட்கார்ந்துகொண்டு' என்பதில் நடுவே பள்ளமாகக் கிடந்தது. அக்காவின் குரலையும் எழுதினேன். அதுவும் அப்படித்தான். பக்கவாதம் வராத இரண்டு பேரின் கணக்கிலும் மூன்று நிறங்களும் நிறைய இருந்தன. அச்சுத் தாளில் இருந்த மாதிரி எங்கள் வீட்டில் யாரும் ஒரு நாளும் பேசியதில்லை. நான் அப்பாவிடம் கேட்டது அவர் தொலைத்ததை மட்டும் அல்ல; அவரிடம் எப்போதுமே இல்லாததையும் சேர்த்துக் கேட்டிருக்கிறேன்.

இதைத் தெரிந்துகொண்டது தாமதம். அதற்கு முந்திய நாளே அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார். 'பரிசம்' என்று நான் வாயைக் குவித்ததும் தாளை மடித்து என் கையில் கொடுத்தார். கோபமாகக்கூட இல்லை. தேத்தண்ணி வேண்டுமென்றால் கோப்பையைக் காட்டினார். அக்கா துணிக்கடை வேலை முடிந்து ஹட்டனிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றாமலே கேட்டாள்: "இன்னைக்காவது பேசுனாரா?" மடித்த தாளை நான் காட்டியதும், "பெரியப்பாவே சொல்லட்டும், விடு. அதுக்காக அப்பாவ ஏன் போட்டு வதைக்கிற?" என்றாள். அப்பா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

எங்கள் லயத்தில் கைபேசிக்குச் சிக்னல் வராது. அலுவலகத்தோடு பேச வேண்டுமென்றால் மேலே, மலைச் சரிவின் விளிம்பில் இருக்கும் பாறைக்குப் போக வேண்டும். மறுநாள் பகல் நான் கிளம்பியபோது அப்பாவும் தடியை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். நடக்கச் சொல்லியிருந்தார்கள். பாதி வழியில் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினார். பாறையை அடைந்தபோது பனி விலகிக்கொண்டிருந்தது. கீழே ஏழாம் நம்பர் மலை என்கிற தேயிலைச் சரிவில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது அப்பாவின் மலை. இருபது வருஷத்துக்கு மேல் அவர் கங்காணியாக இருந்து வேலை வாங்கிய ஆட்கள். இப்போது வேறு டிவிஷனிலிருந்து புதிதாக ஒருவரைப் போட்டிருந்தார்கள்.

நான் கைபேசியில் பேசிக்கொண்டே பாறையில் முன்னும் பின்னும் நடந்தேன். கீழே புதுக் கங்காணி விசில் ஊதினார். ஒரு வரிசையில் இருந்தவர்களைப் பக்கத்து வரிசைக்கு மாறச் சொல்கிறார் போலிருந்தது. யாரும் திரும்பவில்லை. "அந்தா அந்த நெரைக்குப் போங்க" என்று முழுசாக, தெளிவாகச் சொன்னார். பள்ளத்தில் அது எங்கேயோ விழுந்து தொலைந்தது. மறுபடி விசில்.

அப்பா தடியைப் பாறையில் சாய்த்தார். இடது கையை வாயோரம் வைத்தார்.

"...ழ்ந்து... றுக்க... வாஆஆஆ..."

என் கைபேசியில் மறுமுனையில் இருந்தவர், "அது என்ன சத்தம்?" என்று கேட்டார். நான் கைபேசியைக் காதிலிருந்து இறக்கினேன். கீழே முப்பது தலைகள் நிமிர்ந்தன. அப்பா இரண்டாவது தரம் கூப்பிட்டார். அதில் "றுக்க வாஆ" மட்டும் இருந்தது. மூன்றாவது தரம் "ஓ" என்று ஒரு வால். அவ்வளவுதான். எதிர்ச் சரிவிலிருந்து பெண்களின் குரல் வந்தது: "வாறோமுங்கோஓஓ."

கொழுந்து நிறுக்க வாங்க. அதுதான் அவர் கூப்பிட்டது. பெண்கள் கூடையோடு வரிசையாகத் தராசு இருக்கும் இடத்துக்கு இறங்கத் தொடங்கினார்கள். நிறுவைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. புதுக் கங்காணி விசிலை வாயில் வைத்தபடி இங்கும் அங்கும் ஓடினார்.

சாயங்காலம் பக்கத்துக் காம்பரா அத்தை, கூடையை இறக்கும் முன்பே எங்கள் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் ஏறினாள். அவளும் ஏழாம் நம்பரில்தான் வேலை.

"ஏன் கங்காணியாரே, வீட்டுல இருந்துக்கிட்டே வேல வாங்குறீங்களா? பாதிக் கூடையோட எறங்கிப் போயி அந்தப் புது மனுசன் மொகத்தப் பாக்கணுமே. அழுதுருவாரு போல இருந்துச்சு. தராசே இன்னும் வரல."

அப்பா சிரித்தார். பக்கவாதம் வந்த பிறகு முதல் தரம்.

நான் அந்தக் கூப்பாட்டையும் அட்டவணையில் போட்டிருந்தேன். சொல்ல வேண்டியது, சொன்னது. மூன்றாவது தரத்துக்கு நேராக 'முழுவதும் விட்டது' என்று சிவப்பில் எழுதியிருந்தேன். அதை அத்தையிடம் வாசித்துக் காட்டியதுதான் தப்பு.

"கொழும்புல படிச்சா இப்படித்தான் ஆவுமா?" என்று அம்மாவைக் கேட்டாள். பிறகு என்னிடம், "மொத தரம் கூப்புடுறது நம்மளுக்கு. ரெண்டாவது தரம் செவிடுக்கு. மூணாவது தரம் கூப்புடுறப்ப நாங்க பாதி தூரம் எறங்கிருப்போம். அதுக்கு எதுக்கு முழுப் பேச்சு? மூணு தரமும் முழுசா கூப்புட்டா கங்காணிக்குப் பைத்தியம்னு சொல்லிருவாங்க."

மிஸ் சொன்ன மற்ற வாக்கியம் அப்போதுதான் காதில் விழுந்தது. பழக்கமான பேச்சிலிருந்து தொடங்குங்க. கதவைச் சாத்தி, முகத்துக்கு முகம் வைத்து, மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக. அப்பாவின் வாழ்க்கையில் அப்படிப்பட்ட பேச்சே கிடையாது. அவர் வேலை பார்த்த பேச்சு எல்லாம் ஒரு சரிவிலிருந்து இன்னொரு சரிவுக்கு. அதில் மெய்யெழுத்துகள் வழியிலேயே விழுந்துவிடும். நீட்டக்கூடியது மட்டும் போய்ச் சேரும். போய்ச் சேரும் அளவுக்கு மேல் சுமப்பதில்லை.

மறுநாள் காலையில் அவரை இஸ்தோப்பில் நிறுத்திவிட்டு, நான் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போனேன். அறுபது அடி தூரம் இருக்கும். அங்கேயிருந்து அவரைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். இடது கை வாயோரம் போனது.

"...ரிசோம்... எங்...க்கோ... பொண்ணூ... ஒங்...க்கோஓஓ..."

பத்தொன்பதில் பாதிதான் வந்து சேர்ந்திருக்கும். எனக்குப் புரிந்தது. பீலியில் குடம் வைத்திருந்த இரண்டு பேருக்கும் புரிந்தது. கேட்டது என்று நான் வலது கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் தன் கையை இறக்கினார்.

ஆனால் அது அங்கேயிருந்தால்தான் வந்தது. பக்கத்தில் போய் நின்றால் மறுபடி 'ப'விலேயே நின்றுவிடும். நாற்பது அடியில் வருமா, முப்பதில் வருமா என்று ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கிட்ட வந்து பார்த்தேன். முப்பத்தைந்துக்கு உள்ளே வரவில்லை. சில நாள் அறுபதிலும் வரவில்லை. ஏன் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. தூங்கினாரா, சாப்பிட்டாரா, மழையா, எல்லாம் எழுதிப் பார்த்தேன். ஒரு காரணத்தோடும் அது ஒத்துவரவில்லை.

அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. "சபைக்கு நடுவுல மலையில கூப்புடுற மாதிரி கத்துவாரா?" என்று ரகசியமாகக் கேட்டாள். "டயகமவுல எல்லாம் என்ன, காது கேக்காதவங்களா?" கேட்டுவிட்டு அவளே அழுதாள். பெரியப்பா சொன்னால் ஐந்து நொடியில் முடிந்துவிடும். ஒரு பிழையும் இருக்காது. அதைத்தான் அப்பா வேண்டாம் என்கிறார்.

பரிசத்தன்று லயத்து வாசலில் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். பாயில் இரண்டு பக்கத்து ஆட்களும் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். அப்பாவுக்கு மட்டும் நாற்காலி. அவர் பக்கத்தில் பெரியப்பா, வேட்டி சட்டையோடு, தொண்டையைச் செருமியபடி. நான் அம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்து கைபேசியைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன்.

மாப்பிள்ளையின் அப்பா தட்டை வைத்து மூன்று தரம் சொன்னார். எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

அப்பா எழுந்தார். "ப..." என்றார். நிறுத்தினார். "ப..."

தார்ப்பாயில் காற்று அடிப்பது கேட்டது. "ப..." மூன்றாவது தரம். எதிர்ப் பக்கம் ஒரு பெரியவர் தரையைப் பார்த்தார். அக்காவின் தலை குனிந்துகொண்டே போனது. பெரியப்பா வாயைத் திறந்து, முழங்காலில் கையூன்றி எழப் பார்த்தார். அப்பா திரும்பாமலே இடது கையை அவர் தோளில் வைத்து அழுத்தினார்.

நான் எழுந்துவிட்டேன். இப்படிச் செய்ய வேண்டும் என்று முன்பே யோசித்ததாகச் சொல்ல முடியாது. இரண்டு பக்கத்துக்கும் நடுவே, தட்டைச் சுற்றிக்கொண்டு, வாசலைக் கடந்து நடந்தேன்.

"சபை நடக்கையில எங்கம்மா போற?" என்று யாரோ கேட்டார்கள்.

பீலியில் அத்தையும் இன்னும் நாலைந்து பேரும் பந்திக்கு எடுத்த பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் ஏழாம் நம்பர். அவர்களுக்குப் பக்கத்தில், ஈரத்தில் போய் நின்று திரும்பினேன்.

அப்பா தலையைத் தூக்கினார். சபைக்கு மேலாக என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். கை வாயோரம் போனது.

"...ரிசோம்... எங்...க்கோ... பொண்ணூ... ஒங்...க்கோஓஓ..."

எதிர் மலை அதைத் திருப்பிக் கொடுத்தது. பாயில் இருந்தவர்கள் எல்லாரும் பின்னால் திரும்பி என்னைப் பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள். இரண்டாவது தரம், அதைவிடச் சுருக்கமாக: "எங்...க்கோ... ஒங்...க்கோஓ..." மூன்றாவது தரத்துக்கு வாய் திறந்தது. "ஓ" என்று வந்தது. நின்றுவிட்டது.

எனக்குப் பின்னால் பீலித் தண்ணீர் பாத்திரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"வாறோமுங்கோஓஓ" என்றார்கள் பீலியில் இருந்த பெண்கள். கையில் பாத்திரத்தோடு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், எல்லாரும் ஒன்றாக. சொன்ன பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்தது. அத்தை நாக்கைக் கடித்துக்கொண்டாள். பாயில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது.

பெரியப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "இருங்க, இருங்க. மூணாவது தரம் வரலியே. சபையில மூணு தரம் சொல்லணும்ல" என்றார். அவர் கெட்ட மனதோடு சொல்லவில்லை. வழக்கம் குறைந்துவிடக் கூடாது என்று நினைத்தார்.

மாப்பிள்ளையின் அம்மா அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது கேட்டாள்: "ஏங்க, நீங்க எந்த மலையில வேல செஞ்சீங்க?"

"நான் பெக்டரியிலங்க."

"அதான்" என்றாள். "நான் முப்பது வருசம் கொழுந்து எடுத்தவ. எந்தக் கங்காணிங்க மூணாவது தரம் முழுசா கூப்புடுறாரு? எங்களுக்குக் கேட்டுருச்சு. தட்ட எடுங்க."

தட்டு கை மாறியது. பெரியப்பா தாங்கிப் பிடிக்க, அப்பாவின் வலது கை அதில் ஒப்புக்கு ஒட்டியிருந்தது. அக்கா நிமிர்ந்தாள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உடனே சந்தனக் கிண்ணத்தைத் தேடப் போனாள்.

மூன்றாவது தரம் அப்பாவுக்கு நின்றுவிட்டதா, அவரே நிறுத்தினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவரிடம் கேட்கவும் இல்லை. மாப்பிள்ளையின் அம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம். ஒருவேளை தெரியாமலே சொல்லியிருக்கலாம்.

நான் பீலியிலேயே நின்றுகொண்டிருந்தேன். செருப்புக்குள் தண்ணீர் போயிருந்தது. சபை கலகலவென்று பேசத் தொடங்கிவிட்டது. வெற்றிலைத் தட்டு சுற்றி வந்தது. அப்பா மட்டும் உட்காரவில்லை. இடது கை மறுபடி வாயோரம் போயிருந்தது. அவர் பீலிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை என் இடுப்பில் முழங்கையால் இடித்தாள்.

"மனுசன் கேட்டுச்சான்னு நிக்கிறாரு பாரு."

வலது கையைத் தூக்கிக் காட்டினேன். அப்பா கையை இறக்கி, நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.